தண்ணீர் இறங்காதபோது

கேள்வி: புற்றுநோய் முற்றிய அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். தண்ணீர்கூட இறங்கவில்லை. வற்புறுத்தாதீர்கள் என்கிறார் நர்ஸ். பட்டினி போடுகிறோமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.
– வாசகி, தேனி

பதில்: இல்லை அம்மா. உடல் அடங்கும் கட்டத்தில் பசியும் தாகமும் தாமாகவே குறையும். மயக்கத்தில் இருப்பவருக்குப் பாலோ தண்ணீரோ ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். நர்ஸ் சொன்னது சரி. சுத்தமான துணியை நனைத்து உதட்டையும் நாக்கையும் அடிக்கடி ஈரமாக்குங்கள். வலியில் முனகினால் வலிநிவாரணியான மார்ஃபின் பற்றிக் கேளுங்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் அது உயிரைப் பறிக்காது. அந்தப் பயத்தாலேயே எத்தனை பேரைத் தவிக்க விடுகிறோம்! இறுதிக்கட்ட நோயாளிகளின் இந்தத் தவிப்பைத் தணிக்க 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாக இருந்து மருத்துவரானவர். குடும்பத்தின் வேதனையையும் கவனிப்புக்குள் கொண்டுவந்தவர். உங்கள் கலக்கத்தையும் நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்பதும் அவர் பணிதான்.