இறங்காத விரை: காத்திருக்க வேண்டியது ஆறு மாதம் மட்டுமே

ஆண் குழந்தை கருவில் வளரும்போது விரைகள் முதலில் வயிற்றுக்குள் தோன்றுகின்றன. பிறப்புக்கு முந்தைய மாதங்களில் தொடையிடுக்கு வழியாக இறங்கி விரைப்பையை அடைகின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு ஒரு விரையோ இரண்டுமோ இறங்குவதில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் இக்குறை மேலும் மிகுதி.

“வளர வளரச் சரியாகிவிடும்” என்று பெரியவர்கள் கூறுவது பாதி உண்மையே. முதல் 6 மாதங்களில் பல குழந்தைகளுக்கு விரை தானாக இறங்கிவிடும். அதன் பின்னர் இறங்குவது அரிது. ஆகவே 6 மாதம் கடந்ததும் குழந்தைகள் அறுவை மருத்துவரை அணுகி, 18 மாதத்திற்குள் சிகிச்சையை முடிப்பது நலம். குறைமாதக் குழந்தைக்குப் பிரசவம் எதிர்பார்க்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. விரைப்பையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவு. உள்ளேயே தங்கும் விரையில் விந்தணுவை உருவாக்கும் செல்கள் நாளடைவில் நலிகின்றன. புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. சுவீடனில் ஏறத்தாழ 17,000 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வின்படி, 13 வயதுக்கு முன் அறுவை செய்துகொண்டோருக்கு விரைப் புற்றுநோய் அபாயம் பொதுமக்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு. அவ்வயதுக்குப் பின் செய்துகொண்டோருக்கு 5 மடங்குக்கும் மேல்.

அறுவை எளியதே. மயக்க மருந்து கொடுத்து, தொடையிடுக்கில் சிறு கீறலிட்டு, விரையை விடுவித்து விரைப்பையில் பொருத்துவர். உடன் குடலிறக்கப் பை இருப்பின் அதையும் மூடுவர். கைக்குத் தென்படாத விரையை லேப்ராஸ்கோப் மூலம் தேடுவர். பெங்களூருவில் அரசு சார்ந்த இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனத்தில் இதற்கான அறுவைப் பிரிவு உள்ளது.

மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் பாலிசியில் ‘பிறவிக் குறைபாடு’ பற்றிய விதியை முன்னரே படித்து, செலவு ஏற்கப்படுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 14ஆம் வாரத்திற்குப் பின் அடுத்த தவணை 9ஆம் மாதத்தில்தான். நமக்கு முக்கியமான 6ஆம் மாதம் இந்த இடைவெளியில் மறைந்துபோகிறது. எனவே 14ஆம் வார ஊசியின்போதே மருத்துவரைச் சோதிக்கச் சொல்லி, இறங்காதிருந்தால் 6ஆம் மாதத்தில் காட்ட வேண்டிய நாளைத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்துவைப்போம்.