கூரைச் சோலாரைப் பெருக்குமுன் கணக்குப் பாருங்கள்

வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் அமைத்த விவசாயிகள் பலர் இப்போது அதைப் பெருக்க விரும்புகிறார்கள். தகடு போட்ட நாளில் வீட்டில் சில விளக்குகள், மின்விசிறிகள், ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு சிறு மோட்டார் மட்டுமே இருந்தன. பிறகு கறவை மாடுகள் வந்தன. தீவனம் நறுக்கும் இயந்திரமும் பால் கறக்கும் இயந்திரமும் வந்தன. மகனுக்கு மின்சார ஸ்கூட்டரும் வந்தது. மின் கட்டணம் மறுபடி ஏறுகிறது. மின்வாரிய அட்டையிலோ அனுமதிக்கப்பட்ட லோடு 3 கிலோவாட் என்று இருக்கிறது. சோலார் விற்பவர், "இன்னொரு 3 கிலோவாட் போடுங்கள், கடனுக்கு ஏற்பாடு செய்கிறேன்" என்கிறார்.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். லோடு வரம்பு எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று முதலில் தெரிந்துகொண்டால், பாதிச் செலவிலேயே காரியம் முடியக்கூடும்.

வரம்பு ஏன்?

வயலில் மிஞ்சிய நீரை வாய்க்காலில் விட வேண்டுமானால், வாய்க்கால் மட்டத்தைவிட வயலின் நீர்மட்டம் சற்று உயர்ந்திருக்க வேண்டும். மின்சாரமும் அப்படியே. நம் வீட்டில் மிஞ்சுவதைக் கம்பத்துக்குத் தள்ள இன்வெர்ட்டர் தன் வோல்டேஜைச் சற்று உயர்த்துகிறது. நடுப்பகலில் தெருவில் மின்சாரம் எடுப்பவர் குறைவு. பத்து வீட்டுச் சோலார் ஒரே நேரத்தில் ஒரே கம்பியில் தள்ளினால், வாய்க்கால் நிறைந்து கரை ததும்புவதுபோல் வோல்டேஜ் ஏறிவிடும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 253 வோல்ட்டைத் தாண்டினால், விதிப்படி இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும். சிறிய டிரான்ஸ்பார்மரும் நீண்ட கம்பியும் உள்ள கிராமங்களில் இது எளிதில் நேரும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. 2025 ஏப்ரலில் இலங்கையில் புத்தாண்டு விடுமுறையால் மின்தேவை குறைந்தபோது, கூரைச் சோலார் வைத்திருப்போர் பகலில் மாலை 3 மணிவரை அதை நிறுத்திவைக்க வேண்டும் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டது. ஜெர்மனியில் 2025 பிப்ரவரி முதல், கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தாத புதிய சோலார் அமைப்புகள் தம் திறனில் 60 சதவீதத்துக்கு மேல் கம்பிக்கு அனுப்பக் கூடாது.

ஆக, தொல்லை எழுவது மீட்டரைத் தாண்டிக் கம்பிக்குப் போகும் மின்சாரத்தால்தான். மீட்டருக்கு இப்பால், நம் வீட்டிலேயே செலவாகும் மின்சாரம் கம்பிக்கு எந்தப் பாரமும் தருவதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதற்படி: இருப்பது சரியாக விளைகிறதா?

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் தகடு, ஆண்டுச் சராசரியாக நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட். மழை மாதங்களில் குறையும், கோடையில் கூடும். உங்கள் இன்வெர்ட்டரில் ஒவ்வொரு நாளும் மாலையில் யூனிட்டைப் பார்த்து ஒரு மாதம் எழுதி வையுங்கள். நல்ல வெயில் நாளிலும் 8 யூனிட்டே வந்தால், புதுத் தகடு வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்.

1. தகட்டில் தூசியும் பறவை எச்சமும் படிந்துள்ளதா? அதிகாலையில், தகடு சூடேறும் முன், வெறும் நீரால் கழுவவும்.

2. தென்னை ஓலையின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழுகிறதா? ஒரு தகட்டின் மீது விழும் சிறு நிழலும் அந்த வரிசை முழுவதன் விளைவையும் குறைக்கக்கூடும்.

3. நண்பகலில் இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறதா? வோல்டேஜ் ஏற்றமே பெரும்பாலும் காரணம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் மெலிந்தோ, இணைப்பு தளர்ந்தோ இருந்தால் இது மிகும். பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லவும்.

நின்று ஓடும் இன்வெர்ட்டரோடு மேலும் 3 கிலோவாட் சேர்ப்பது, ஓட்டைக் குடத்தில் இன்னும் நீர் ஊற்றுவதற்குச் சமம்.

இரண்டாம் படி: வேலையை வெயிலுக்கு மாற்றுங்கள்

2 குதிரைத்திறன் கொண்ட தீவனம் நறுக்கும் இயந்திரம் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட் வரை செலவாகும். இருட்டில் நறுக்குவதைப் பகல் 11 மணிக்கு மாற்றி, மாலைத் தீவனத்தையும் மறுநாள் காலைத் தீவனத்தையும் சேர்த்தே நறுக்கி நிழலில் பரப்பி வைக்கலாம். வீட்டுத் தொட்டிக்கு நீர் ஏற்றுவதும், மாவு அரைப்பதும், துணி துவைக்கும் இயந்திரமும் அந்த நேரத்துக்கே வரட்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டவும். நடுப்பகலில் வீட்டிலேயே செலவு இருப்பதால் வோல்டேஜ் ஏற்றமும் அடங்கும்.

பால் கறப்பது விடியலிலும் மாலையிலும்தான். அதை மாற்ற முடியாது. ஸ்கூட்டர் பகலில் வீட்டில் நிற்கும் நாட்களில் மட்டும் வெயிலில் சார்ஜ் ஏற்றலாம்.

மூன்றாம் படி: பற்றாக்குறை எவ்வளவு?

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைப் பார்ப்போம். பழைய செலவு நாளுக்கு 10 யூனிட். நறுக்கும் இயந்திரத்துக்கு 2, கறவை இயந்திரத்துக்கு 2, ஸ்கூட்டருக்கு 2 என 6 யூனிட் கூடுகிறது. மொத்தம் 16 யூனிட். சோலார் தருவது 12. பற்றாக்குறை 4 யூனிட். அதாவது தேவைப்படுவது இன்னும் 1 கிலோவாட் மட்டுமே. 540 வாட் தகடு இரண்டு போதும். 3 கிலோவாட்டுக்குக் கடன் வாங்கினால், தேவையைப்போல் மூன்று மடங்குக்கு வட்டி கட்ட நேரிடும்.

நான்காம் படி: பெருக்கும் வழிகள்

பழைய இன்வெர்ட்டரிலேயே தகடு சேர்த்தல்: தகட்டின் மீது எழுதியுள்ள வாட், 25 டிகிரி வெப்பத்தில் அளந்தது. நம் வெயிலில் தகடு 60 டிகிரிக்கு மேல் சூடேறும்போது விளைவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எனவே 3 கிலோவாட் தகடு, 3 கிலோவாட் இன்வெர்ட்டரை நிரப்புவது அரிது. இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், அதனுடன் 4 கிலோவாட் வரை தகடு இணைக்கலாம். கம்பிக்குப் போகும் உச்ச அளவு இன்வெர்ட்டரின் 3 கிலோவாட்டைத் தாண்டாது. காலையிலும் மாலையிலும் யூனிட் கூடும். புதிய தகடுகளை மேற்கு நோக்கிச் சிறு சரிவில் வைத்தால் மாலை விளைச்சல் நீளும். நம் பகுதியில் சூரியன் பெரும்பாலும் உச்சியிலேயே செல்வதால் இழப்பு சொற்பமே. வேறு திசையில் வைக்கும் தகடுகளை இன்வெர்ட்டரின் தனி வாயிலில் இணைக்க வேண்டும். தகடுகளைத் தொடராக இணைக்கும்போது மொத்த வோல்டேஜ், இன்வெர்ட்டரில் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இன்வெர்ட்டர் கெட்டுவிடும். கூடுதல் தகட்டைப் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே இணைக்கவும்.

பேட்டரி: இரவுச் செலவு மிகுந்தவர்களுக்கும், மின்தடை மிகுந்த ஊர்களுக்கும் ஏற்றது. பகல் மிச்சத்தைக் கம்பிக்கு விடாமல் வீட்டிலேயே சேமிக்கலாம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி ஈய பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். ஆனால் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். லித்தியம் பேட்டரியில் பெரும்பகுதியை எடுக்கலாம், விலை கூடுதல். மின்தடையே இல்லாத ஊரில், பேட்டரிச் செலவு திரும்பி வருமா என்று கணக்குப் போட்ட பிறகே வாங்கவும்.

தனி அமைப்பு: மாட்டுக்கொட்டகை விளக்கு, மின்விசிறி போன்றவற்றுக்கு இரண்டு தகடு, ஒரு பேட்டரி, ஒரு சிறு இன்வெர்ட்டர் எனத் தனியாக அமைக்கலாம். இதன் ஒயரிங் மின்வாரிய இணைப்பை எங்கும் தொடக் கூடாது. வயல் கிணற்றுக்கு வேண்டுமானால், சோலார் பம்ப்செட்டுக்கு வேளாண் பொறியியல் துறையை அணுகவும். இலவச விவசாய மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம்.

லோடைக் கூட்டுதல்: மேற்கண்டவை போதாவிட்டால் இதுவே நேர்வழி. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரை கூரைச் சோலாருக்கு முறையாக நிரப்பிய விண்ணப்பம், தொழில்நுட்ப ஆய்வின்றியே ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். அதற்கேற்ப லோடை உயர்த்துவதும் மின் வினியோக நிறுவனத்தின் பொறுப்பு. விண்ணப்பிக்கும்போது இதை எடுத்துக் கூறுங்கள். ஒரு முனை இணைப்பு மும்முனையாக மாற வேண்டியிருந்தால் அதன் செலவையும், லோடு கூடுவதால் மாறும் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டறியவும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானிய உச்சம் 78,000 ரூபாய். அது 3 கிலோவாட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு கிலோவாட்டும் முழுக்க நம் கைப்பணம்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

மலிவாகக் கிடைக்கிறதென்று தரச்சான்று இல்லாத இன்வெர்ட்டரை வாங்கி, யாருக்கும் தெரியாமல் வீட்டு பிளக்கில் செருகுவோர் உண்டு. முறையான இன்வெர்ட்டர், கம்பத்தில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். தரமற்றது நிற்காமல் போகலாம். பியூஸைப் பிடுங்கிவிட்டோம் என்று நம்பிக் கம்பம் ஏறும் லயன்மேனின் கையில், நம் கூரை மின்சாரம் பாயும். அவரும் நம் ஊர்ப் பிள்ளைதான். சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக ஓர் உயிரோடு விளையாடக் கூடாது. தகட்டுப் பக்கம், வீட்டு மின்பக்கம், இடிதாங்கி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி இருப்பதையும் உறுதி செய்துகொள்ளவும்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு மாதம் யூனிட் எழுதுங்கள். பழுதை நீக்குங்கள். வேலையை வெயிலுக்கு மாற்றுங்கள். பிறகும் எத்தனை யூனிட் குறைகிறதோ அதற்கு மட்டும் தகடு வாங்குங்கள். அந்த ஒரு மாதக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரைப் பாருங்கள். சோலார் விற்பவரிடம் அதற்குப் பிறகு போகலாம்.