விளக்கு எரிந்தால் வால்வுதான் குற்றவாளியா?

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் சொருகினால் பி0011. அடுத்த நொடியே ‘விவிடி சோலனாய்டு போச்சு, மாத்திடுங்க’ என்று தீர்ப்பு. விவிடி என்பது இன்ஜின் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு; சோலனாய்டு அதற்கு ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு. எத்தனை முறை மறுத்தாலும் சாகாத வதந்தி இது. பி0011 எந்த உதிரிபாகத்தின் பெயரும் அல்ல. இன்டேக் கேம்ஷாஃப்ட், இன்ஜினின் கணினியான ஈசியூ கேட்ட கோணத்தைவிட முன்னால் போய் நிற்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது; பின்தங்கி நின்றால் பி0012. ஏன் அப்படி நிற்கிறது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. அதற்குத்தானே கூலி? கேம்ஷாஃப்டைத் திருப்புவது சோலனாய்டு அல்ல, இன்ஜின் ஆயிலின் அழுத்தம். சோலனாய்டு உள்ளே இருக்கும் சிறு தண்டை நகர்த்தி, ஆயில் எந்த வழியில் போக வேண்டும் என்று திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆயில் குறைந்திருந்தாலும், கெட்டியாகிக் கசடு கட்டியிருந்தாலும், சோலனாய்டு வால்வுக்கு முன்னுள்ள சல்லடை அடைத்திருந்தாலும், கேம் முனையில் அதைத் திருப்பும் ஃபேஸர் இறுகியிருந்தாலும், டைமிங் செயின் நீண்டுபோயிருந்தாலும் இதே குறியீடு வரலாம். தொட்டி காலியாக இருக்கையில் குழாயை மாற்றி என்ன பயன்?

‘மாத்தினதும் விளக்கு அணைஞ்சுதே’ என்பார்கள். அணையாமல் என்ன செய்யும்? மாற்றியவர் ஸ்கேனரால் குறியீட்டையும் அழித்திருப்பார். பெரும்பாலும் கையோடு ஆயிலையும் மாற்றியிருப்பார். எது குணமாக்கியது என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? சில நாள் ஓடியபின் அதே குறியீடு திரும்பினால், பழி புது வால்வின் ‘டூப்ளிகேட்’ தரத்தின் மேல் விழும். சோலனாய்டு கெடுவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பி0010 வந்தால் மின்சுற்றில் கோளாறு. அப்போது சுருள், இணைப்பு, வயர் மூன்றும் சந்தேகத்துக்குரியவை. சுருளைச் சோதிக்க, கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் போதும்: டொயோட்டாவின் பல விவிடி-ஐ இன்ஜின்களில் 20 டிகிரி செல்சியஸில் 6.9 முதல் 7.9 ஓம் காட்ட வேண்டும். மற்ற வண்டிகளுக்கு அவற்றின் சர்வீஸ் மேனுவலில் அளவு இருக்கும். ஐடிலிங்கில் ஸ்கேனர் மூலம் வால்வை இயக்கினால் இன்ஜின் தடுமாற வேண்டும், சில சமயம் நின்றே போகும். தடுமாறினால் வால்வும் ஆயில் வழியும் ஃபேஸரும் அசைகின்றன என்று அர்த்தம். சில நிமிட வேலை இது. இதைக்கூடச் செய்யாமல் பாகத்தை விற்பதற்குப் பெயர் பழுதுபார்ப்பா?

வேறு இரண்டு வதந்திகளும் உண்டு. சோலனாய்டின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டால் மைலேஜ் கூடும் என்பது சுத்தப் பொய். கேம் ஒரே நிலையில் நின்றுவிடும், விளக்கும் எரியும். பழைய இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பது அதைவிடக் கெடுதல். குறுகலான ஆயில் வழிகளை நம்பி இயங்கும் அமைப்பு இது. 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், குளிர்ந்த நிலையில் ஃபேஸர் நேரத்துக்கு நகராது. வால்வு உண்மையிலேயே பழுதென்றால் தாராளமாக மாற்றுங்கள். புது ஓ-ரிங்கில் ஆயில் தடவிப் பொருத்துங்கள். அலுமினிய ஹெட்டில் ஏறும் அந்தச் சிறு போல்டை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள்.

ஆயில் குறைந்தாலும் கிரேடு மாறினாலும் இந்த அமைப்பு தடுமாறும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் பில்லில் ‘இன்ஜின் ஆயில்’ என்று மொட்டையாக எழுதுவதை ஏன் இத்தனை பேர் ஒத்துக்கொள்கிறார்கள்? எந்த கிரேடு, எத்தனை லிட்டர், எத்தனையாவது கிலோமீட்டரில் ஊற்றியது, மூன்றும் பில்லில் இருக்க வேண்டும். கேட்டு எழுதி வாங்குங்கள். பணம் கட்டும் முன் டிப்ஸ்டிக்கை உருவி நீங்களே பாருங்கள்.