ஊனத்தின் ஏற்பும் தன்மதிப்பும்

பிறவியிலேயே ஊனத்துடன் வளர்ந்தவருக்கும், நாற்பது வயதில் விபத்தினாலோ நீரிழிவு நோயினாலோ ஒரு காலை இழந்தவருக்கும் மனநிலையில் பெரும் வேறுபாடு உண்டு. முன்னவர் தம் உடலை வேறுவிதமாக அறிந்ததில்லை. பின்னவரோ நேற்று இருந்த தம்மோடு இன்று இருக்கும் தம்மை நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவருடைய தன்மதிப்பு குலையத் தொடங்குவது இந்த ஒப்பீட்டில்தான்.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்றோரிடையே ஆய்வு நடத்திய தமாரா டெம்போ, பியட்ரிஸ் ரைட் ஆகிய உளவியல் அறிஞர்கள் ஏற்பு என்பதற்குத் தெளிவான பொருள் தந்தனர். விதி என்று அடங்கிவிடுவது ஏற்பு அன்று; எவற்றை உயர்வாகக் கருதுகிறோம் என்பதில் ஏற்படும் மாற்றமே ஏற்பு. இழந்ததற்கு அப்பாலும் மதிக்கத்தக்கவை உள்ளன என்பது மெல்லத் தெரிய வருகிறது. காலின் குறை, வாழ்க்கை முழுவதையும் கவ்வாமல் காலின் அளவில் நிற்கிறது. உடல் தோற்றம் முதலிடத்தை விட்டு விலகுகிறது. ஊன்றுகோலும் பிறருடைய நடையோடு ஒப்பிடப்படாமல், அது தரும் பயனால் மதிக்கப்படுகிறது.

ஆயினும் இம்மாற்றம் மன உறுதியினால் மட்டும் வருவதில்லை. சூழலும் இடம் தரவேண்டும். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் ரப்பர் பாதத்தை உருவாக்கியதற்குக் காரணம் இதுவே. அதற்கு முன் இருந்த செயற்கைக் கால்கள் காலணி அணிந்து நாற்காலியில் அமர்வோருக்கு ஏற்றவை. அவற்றை அணிந்து தரையில் குந்தி உட்காரவோ, கோயிலுக்குள் வெறுங்காலுடன் செல்லவோ, சேற்று வயலில் இறங்கவோ இயலவில்லை. பலர் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டனர். அதனை நோயாளியின் மனத்தளர்ச்சி என்று கூறியிருந்தால் தவறாகும்.

தொழிலும் அவ்வாறே. பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்குவதோ பதவி இறக்கம் செய்வதோ கூடாது என 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவு விதித்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதனைத் தொடர்கிறது. பழைய வேலைக்கு ஏற்றவராக இல்லாவிடில் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தரவேண்டும். அதுவும் இயலாதாயின், தக்க பணி கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வயது வரை, கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். (சில வகைப் பணிகளுக்கு விலக்களிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு.) குணால் சிங் வழக்கில், காயத்தினால் இடது காலை இழந்த காவலர் ஒருவருக்கு இயலாமை ஓய்வூதியம் வழங்கப்பட்டதைக் காட்டி இப்பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் வருவாயை மட்டுமே ஈடு செய்யும்.

எனினும் சட்டம் வேலையைக் காக்குமே தவிர, அவ்வேலைக்கு உள்ளடக்கத்தைத் தந்துவிடாது. கோப்பு எதுவும் வராத மேசையில் முழு ஊதியத்துடன் அமர்த்தப்படும் ஊழியர், தாம் இரக்கத்தின் பேரில் வைக்கப்பட்டிருப்பதாகவே உணர்வார். வீட்டில் அரும்பிய ஏற்பு அலுவலகத்தில் கருகிவிடும். ஆகவே கூடுதல் பணியிடத்திற்கான ஆணையிலேயே அவர் செய்யவேண்டிய பணிகளையும், அவர் யாருக்குப் பொறுப்பானவர் என்பதையும் குறிப்பிடுவது நன்று. அவ்வாணை பிறப்பிக்கப்படும் முன், எந்தப் பணியைத் தம்மால் செய்ய இயலும் என்று அந்த ஊழியரிடமே கேட்கலாம்.