உருளைக்கிழங்குக்கும் பேக்கப் வேண்டும்

போன செமஸ்டர் என் புரோஜெக்ட் வரைபடங்களை எல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருந்தேன். லேப்டாப் படுத்துவிட்டது. நான் கவலையே படவில்லை, அதான் பேக்கப் இருக்கே! செருகிப் பார்த்தால் பென்டிரைவ் திறக்கவே இல்லை. போட்டு வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அதைச் சரிபார்த்ததில்லை. இரண்டு மாத வேலை போச்சு.

அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான் பெரு நாட்டில் உள்ள உருளைக்கிழங்கு மரபணு வங்கியைப் பற்றிப் படித்தேன். அவர்களுக்கும் இதே பேக்கப் பிரச்சினைதான். ஆனால் என்னைவிடப் பொறுப்பானவர்கள்.

நம் வீட்டில் உருளைக்கிழங்கு என்றால் அம்மா பிரட்டலுக்கு வாங்குவது ஒன்றுதான். அது பிறந்த ஆண்டிஸ் மலையிலோ ஊதா, சிவப்பு, கறுப்பு என்று எத்தனையோ ரகம். ஒரு ரகம் முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்கும். கெச்சுவா மொழியில் அதன் பெயருக்கு ‘மருமகளை அழவைப்பது’ என்று அர்த்தம். தோல் சீவிப் பார்த்தால் ஏன் என்று தெரியும்! (நல்ல வேளை, நம் சீரியல் மாமியார்கள் கையில் இன்னும் கிடைக்கவில்லை.) லீமா நகரில் 1971-இல் தொடங்கிய அனைத்துலக உருளைக்கிழங்கு மையம், இப்படிப்பட்ட பாரம்பரிய ரகங்களில் 4,000-க்கும் மேல் காத்து வருகிறது.

இத்தனை எதற்கு என்று கேட்கலாம். அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். 1845-இல் கருகல் நோய் வந்தது. அந்த ரகத்துக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். நாளைக்கு வரும் நோயைத் தாங்கும் மரபணு, இன்று சந்தையில் யாரும் சீண்டாத ஒரு கோணல் கிழங்கில் இருக்கலாம்.

சரி, எப்படிக் காப்பது? நெல் என்றால் விதையை உலர்த்திக் குளிரில் வைத்தால் போதும். உருளைக்கிழங்கு அப்படி இல்லை. அதன் விதையைப் போட்டால் முளைக்கும். ஆனால் அண்ணன் தம்பி மாதிரி ஒவ்வொன்றும் வேறாக இருக்கும். அதே ரகம் வேண்டுமென்றால் கிழங்கிலிருந்தோ தண்டிலிருந்தோதான் வளர்க்க வேண்டும். அதனால் சிறு செடிகளாகச் சோதனைக் குழாயில் வைத்து, மெதுவாக வளரும்படி குளிர்ந்த அறையில் பராமரிக்கிறார்கள். சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வெட்டிப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான ரகங்களுக்கு! ஒரு லேபிள் மாறினால் ஒரு ரகமே காணாமல் போகும். நினைத்தாலே எனக்கு வேர்க்கிறது.

இன்னொரு வழி, குருத்தின் நுனியை மட்டும் வெட்டி, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பது. சும்மா உறைய வைத்தால் உள்ளே பனிப் படிகம் உண்டாகி செல்லைக் கிழித்துவிடும். எனவே முதலில் ஓர் அடர்ந்த கரைசலில் ஊறவைத்து நீரைக் குறைக்கிறார்கள். பிறகு சட்டென்று குளிர்விக்கும்போது படிகம் ஆகாமல் கண்ணாடி போல் இறுகிவிடும். எனக்கு உறைத்தது அடுத்த படிதான். சில நுனிகளை வெளியே எடுத்து, உருக்கி, திரும்ப முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். போதுமான அளவு முளைத்தால்தான் அந்த ரகம் பத்திரம் என்று கணக்கு. என் பென்டிரைவுக்கு நான் செய்யாத வேலை!

ஆனாலும் உறைந்த நுனி, உறைந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். வெளியே மலை சூடாகிறது. விவசாயிகள் வருஷத்துக்கு வருஷம் இன்னும் உயரமான இடம் தேடி நடுகிறார்கள். எந்த ரகம் அங்கே தாக்குப்பிடிக்கும் என்பது வயலில்தான் தெரியும். குஸ்கோ பகுதியில் பிசாக் ஊருக்கு அருகே கெச்சுவா சமூகங்கள் சேர்ந்து ‘உருளைக்கிழங்குப் பூங்கா’ நடத்துகின்றன. 2004-இல் லீமா மையம் அவர்களோடு ஒப்பந்தம் செய்து, 410 ரகங்களை வைரஸ் நீக்கித் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு காலத்தில் அந்த மலைகளிலிருந்து எடுத்துப் போனவைதான் அவை. இன்று குழாயிலும் இருக்கின்றன, மண்ணிலும் இருக்கின்றன.

அடுத்த வகுப்பில் இதைப் பேசுவோம்: விலையும் இல்லை, சீவவும் கஷ்டம் என்று ஒரு ரகம் இருந்தால், அதைக் காக்கும் செலவை யார் ஏற்பது?