கிராமத்துக்கு இணையம்: மானியம் எந்த வீட்டோடு நிற்கிறது?

நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பத்துக்கு, களஞ்சியத்தில் எத்தனை மூடை அரிசி இருந்தும் பயனில்லை. இதை உங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிராமங்களுக்கு வேகமான இணைய இணைப்பைக் கொண்டுபோக அரசாங்கங்கள் கொடுக்கும் மானியமும் இப்படியான ஒரு பட்டியலிலேயே தங்கியுள்ளது. இந்தப் பாடத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கிராமங்களில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் பணம் போன இடமும் தேவை இருந்த இடமும் பல காலம் ஒன்றாக இருக்கவில்லை.

முதலில், மானியம் எதற்கு? கம்பனி ஒன்று கம்பி இழுக்குமுன் ஒரு மைலுக்கு எத்தனை வீடு என்று எண்ணிப் பார்க்கும். நகரத்தில் நூறு வீடு இருக்கலாம். கமக்காரர் வாழும் இடத்தில் நாலோ ஐந்தோ. இலாபம் இல்லை என்று விட்டுவிடும். மின்சாரத்துக்கும் இதுவே நடந்தது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கமக்கார வீடுகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. 1935இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராமிய மின்சாரத்துக்கென ஒரு நிருவாகத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு அதற்குச் சட்டமும் வந்தது. அரசு கொடுத்தது இலவசப் பணமல்ல, குறைந்த வட்டிக் கடன். அதைப் பெற்றவர்களில் பெரும்பாலானோர் கமக்காரர்களே கூடி அமைத்த கூட்டுறவுச் சங்கங்கள். பல இடங்களில் ஐந்து டொலர் அங்கத்துவப் பணம் கட்டி மக்கள் சேர்ந்தார்கள். 1949இல் தொலைபேசிக்கும் இவ்வழியே கடன் கிடைத்தது. அச்சங்கங்களுள் பல இன்றும் இயங்குகின்றன. சில சங்கங்கள் தமது மின்கம்பங்களிலேயே இணையக் கம்பியையும் இழுத்திருக்கின்றன. பழைய சங்கம் ஒன்றைக் கலைத்துவிடாமல் வைத்திருப்பதன் பெறுமதி எழுபது, எண்பது ஆண்டு கழித்தும் தெரியவருகிறது!

இணையத்துக்கென அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2002இல் ஒரு மானியத்தைத் தொடங்கியது. அதன் பெயரைத் தமிழில் 'சமூக இணைப்பு' எனலாம். அதன் நிபந்தனைகள் கவனிக்கத் தக்கவை. தனிமனிதருக்குப் பணம் கிடையாது. கூட்டுறவுச் சங்கம், உள்ளூராட்சி சபை, பழங்குடி மக்களின் சபை போன்ற பதியப்பட்ட அமைப்பே விண்ணப்பிக்கலாம். மானியத் தொகையின் 15 வீதத்தை அந்த அமைப்பு தன் பங்காகக் காட்ட வேண்டும். பாடசாலை, தீயணைப்பு நிலையம் போன்ற பொது இடங்களுக்கு இரண்டு ஆண்டுகள் இலவச இணைப்பு கொடுக்க வேண்டும். ஊருக்குப் பொதுவான நிலையம் ஒன்றில் ஆகக்குறைந்தது இரண்டு கணனிகளை வைத்து, யாரும் இலவசமாகப் பாவிக்க விடவேண்டும். இந்த இரண்டு கணனி விடயம் சின்னதாகத் தெரியலாம். எனக்கோ முழுத் திட்டத்திலும் இதுவே நல்ல பகுதியாகப் படுகிறது. வீட்டுக்கு இணைப்பு எடுக்க வசதியில்லாத தாயும் அங்கே போய்ப் பிள்ளையின் விண்ணப்பத்தை அனுப்பலாம் அல்லவா?

இனிப் பட்டியலுக்கு வருவோம். எந்த ஊருக்கு இணையம் இல்லை என்பதை அமெரிக்க அரசு பல ஆண்டுகளாகக் கம்பனிகள் கொடுத்த தகவலை வைத்தே தீர்மானித்தது. குடிசனக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு துண்டு நிலத்தில் ஒரேயொரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தாலும், அந்தத் துண்டு முழுவதற்கும் இணைப்பு உண்டு என்று எழுதப்பட்டது. நகரத்தில் அத்துண்டு ஒரு தெருவளவு. கிராமத்தில் அது பல சதுர மைல். தலைவாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டதைப் பார்த்துக் கடைசி வயலும் நனைந்தது என்று பதிவதைப் போன்றது இது. அந்த வரைபடத்தின்படி 'இணைப்புள்ள' பகுதி ஆனதால் பல குடும்பங்கள் மானியத்துக்கு வெளியே நின்றன.

2020இல் இதைத் திருத்தச் சட்டம் வந்தது. 2022 நவம்பரில் வெளிவந்த புதிய வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடமும் தனிப் புள்ளியாகக் காட்டப்பட்டது. 2021இல் ஒதுக்கப்பட்ட 42.45 பில்லியன் டொலரை மாநிலங்களுக்குப் பங்கிட்டதும் இப்புதிய வரைபடத்தை வைத்தே. வினாடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் பெறவும் 3 மெகாபிட் வேகத்தில் அனுப்பவும் முடியாத இடம் 'இணைப்பு அற்ற இடம்' எனப்பட்டது.

வரைபடம் பிழை என்றால் ஆட்சேபிக்கவும் வழி வைத்தார்கள். ஆனால் இந்த மானியத்துக்காக மாநிலங்கள் நடத்திய விசாரணையில் தனிக் குடும்பம் நேரே முறையிட முடியாது. உள்ளூராட்சி சபை, பழங்குடிச் சபை, இலாபநோக்கற்ற சங்கம், இணைப்பு வழங்கும் கம்பனி ஆகியவையே முறையிடலாம். வேகம் போதாது என்று காட்டுவதற்கு வெவ்வேறு மூன்று நாட்களில் எடுத்த அளவீடு கேட்டார்கள். 'இணைப்பு தரமுடியாது' என்று கம்பனி எழுதிய கடிதமும் சான்றாக ஏற்கப்பட்டது. ஆகவே சங்கம் இருந்த ஊர் வீடு வீடாகச் சென்று இவற்றைச் சேர்க்க முடிந்தது. சங்கம் இல்லாத ஊர் கம்பனியின் சொல்லுக்கு விடப்பட்டது.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் இங்கே இன்னொன்றையும் நோக்க வேண்டும். வரைபடத்தின் புள்ளி கட்டடத்துக்கே உரியது, ஆளுக்கு அல்ல. உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் இரண்டாவது, மூன்றாவது குடும்பம் அதில் தெரியாது. உடைந்துபோன வீட்டின் காணியும் தெரியாது. கட்டடத்தை எண்ணும் எந்த நாட்டிலும் இந்த இடைவெளி இருக்கும்.

கம்பி வந்துவிட்டால் அலுவல் முடிந்ததா? மாதக் கட்டணம் யார் கட்டுவது? அமெரிக்காவில் 2021 முடிவில் தொடங்கிய உதவித்திட்டம் ஒன்று, வருமானம் குறைந்த வீட்டுக்கு மாதம் 30 டொலர் வரை கழிவு கொடுத்தது. ஏறக்குறைய 23 மில்லியன் குடும்பங்கள் சேர்ந்திருந்தன. ஒதுக்கிய பணம் தீர்ந்தது. புதிய பணத்தைக் காங்கிரஸ் அனுமதிக்கவில்லை. 2024 யூன் முதலாம் திகதியுடன் திட்டம் நின்றது. கம்பி சுவரில் இருந்தது, கழிவு இல்லை.

மாதக் கட்டணத்தைத் தாங்க முடியாத ஊர் ஓர் இணைப்பைப் பலருக்குப் பயன்படுத்திய முயற்சி எமது நாட்டில் உண்டு. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகக் கமக்காரக் குடும்பங்கள் பெயர்க்கப்பட்ட பகுதியில் 1989இல் சமூக வானொலி ஒன்று தொடங்கியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்துக்கு இணைய இணைப்பு கிடைத்தது. கேட்போர் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்தவரையும் அருகில் இருத்தி, மக்கள் மொழியில் விளக்குவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்கள் கணனியைப் பாவிக்க இடம் வைத்தார்கள். வானொலியால் படிவம் நிரப்பவோ பிள்ளையின் வகுப்பை நடத்தவோ முடியாதுதான். ஆனாலும் மருந்து, விலை, பயிர் நோய் பற்றிக் கேட்க ஒரு கம்பி பல ஊர்களுக்குப் போதுமானதாயிற்று.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் செய்து பார்க்க ஒரு வேலை. கொப்பி ஒன்றில் உங்கள் குடியிருப்பின் ஒவ்வொரு குடும்பத்தையும் எழுதுங்கள். கொட்டிலில் இருப்பவர், உறவினரோடு இருப்பவர், காணி விடுபடக் காத்திருப்பவர் எவரையும் விடவேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, மூன்று வெவ்வேறு நாட்களில் கைத்தொலைபேசியில் இணையம் எடுபட்டதா என்று திகதியோடும் நேரத்தோடும் குறியுங்கள். படித்த பிள்ளைகள் வேகத்தையும் அளந்து தருவார்கள். கம்பனியிடம் இணைப்புக் கேட்டு மறுத்திருந்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி அதே கொப்பியில் ஒட்டுங்கள். கொப்பி தனி ஒருவரின் பெயரில் இல்லாமல், பதியப்பட்ட சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

கடைசிப் பக்கத்தில் 25 கோடுகள் போடுங்கள், மாதத்துக்கு ஒன்றாக. முதல் 24 மாதமும் மானியம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். 25ஆம் கோட்டில், கட்டணம் கட்டப்போவது யார், எந்தப் பணத்தில் என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தக் கோட்டை வெறுமையாகவே விட்டுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.