செம்பு கற்பிக்கும் பாடம்

நுழையும்முன்

நாம் நாள்தோறும் கையாளும் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்து வடிவம் கொடுத்திருக்கிறார். அதையே தொழிலாகக் கொண்டவர் பொருள் வடிவமைப்பாளர் ஆவார். அத்தொழிலில் அடியெடுத்து வைக்கும் இளைஞர் முதலில் கற்க வேண்டியது எது? இப்பாடத்தைப் படித்து அறிவோம்.

ஒரு சொல், இரு வீடுகள்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் நெடுஞ்சாலையில், சுவர்ணமுகி ஆற்றை அடுத்து அமைந்துள்ளது நாயுடுபேட்டை. திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் அருகே, மேனகூரில் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஒன்று உள்ளது. பணியின் பொருட்டுத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன.

அத்தகைய வீட்டில் தாய் ‘செம்பு’ என்று கேட்டால், குழந்தை நீர் மொள்ளும் கலத்தை எடுத்துத் தரும். அண்டை வீட்டுத் தெலுங்குத் தாயும், ஒலி சற்றே வேறுபட, ‘செம்பு’ என்றே அதனை அழைப்பார். குடம் மட்டும் அங்கே ‘பிந்தெ’ ஆகிவிடும். செம்பு என்பது முதலில் ஓர் உலோகத்தின் பெயர். அவ்வுலோகத்தால் ஆன கலத்திற்கும் அதுவே பெயராயிற்று. இன்று எவர்சில்வரில் செய்தாலும் பெயர் மாறவில்லை. வடிவமும் பெரிதும் மாறவில்லை. ஏன் மாறவில்லை?

செம்பை வியந்த இருவர்

நாடு விடுதலை பெற்றபின் புதிய தொழிற்சாலைகள் பெருகின. அவற்றில் உருவாகும் பொருள்களின் தரம் குன்றிவிடுமோ, கைவினைஞர்கள் வழிவழியாகக் காத்துவந்த அறிவு மறைந்துவிடுமோ என்ற கவலையும் உடன் எழுந்தது. வழிகாட்டுமாறு சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் இணையரை இந்திய அரசு அழைத்தது. அவர்கள் நாட்டின் பல பகுதிகளுக்குச் சென்று பார்த்து, 1958-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் அறிக்கை அளித்தனர்.

அவ்வறிக்கையில் அவர்கள் பெரிதும் வியந்து எழுதியது அரண்மனையைப் பற்றியோ அணிகலனைப் பற்றியோ அன்று. வடநாட்டில் ‘லோட்டா’ எனப்படும் செம்பைப் பற்றியே எழுதினர். இப்படியொரு கலத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டுமானால் எவற்றையெல்லாம் எண்ண வேண்டும் என்று அவர்கள் வரிசையாகக் கேட்டனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? தூக்கும் கை ஆணுடையதா, பெண்ணுடையதா, குழந்தையுடையதா? அது தலையில் செல்லுமா, இடுப்பில் செல்லுமா? நிறைந்தபோதும் வெறுமையாக இருந்தபோதும் அதன் சமநிலை எப்படி இருக்கும்? வாயின் அளவு ஊற்றுவதற்கு மட்டுமன்றித் துலக்குவதற்கும் ஏற்றதா? வெந்நீர் நிரப்பினால் கை பொறுக்குமா? என்ன விலை ஆகும்? பழுதானால் அந்த உலோகம் மீண்டும் பயன்படுமா?

செம்பைக் கையில் எடுத்தால் விடைகள் புலப்படும். அகன்ற வயிறு மிகுதியான நீரைக் கொள்கிறது. ஒடுங்கிய கழுத்து விரல்களுக்குப் பிடி தருகிறது; நடக்கும்போது நீர் தளும்பிச் சிந்துவதையும் குறைக்கிறது. வெளிப்புறம் வளைந்த விளிம்பு நீரைச் சீராக விழச் செய்கிறது. உட்புறத்தில் மூலை இல்லாமையால் அழுக்குத் தங்குவதில்லை. இவ்வடிவத்தை ஒருவர் ஒரே நாளில் வரைந்துவிடவில்லை. பெயர் அறியாத பல கைகள், பல தலைமுறைகளாகச் சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்தன.

பொம்மைக்கூடத்திலிருந்து ஒரு மாணவர்

இந்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் 1969-இல் வடிவமைப்புக்கெனத் தனி மையம் நிறுவப்பட்டது. அதே 1969-இல் சென்னை இளைஞர் ஒருவர் அகமதாபாத்திற்கு வந்து அறைகலன் வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்தார். அவர் 1950-இல் பிறந்த எம். பி. ரஞ்சன். அவருடைய தந்தை சென்னையில் பொம்மைத் தொழிற்கூடம் நடத்தியவர். மரமும் கருவியும் ரஞ்சனுக்குப் புதியவை அல்ல. வந்து சேர்ந்த ஊரும் மொழியுமே புதியவை.

அந்நாளில் ‘வடிவமைப்பாளர்’ என்று கூறினால் அது என்ன வேலை என்று கேட்போரே இந்தியாவில் மிகுதி. 1972-இல் ரஞ்சன் அதே நிறுவனத்தில் ஆசிரியரானார். பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார். 2015-இல் அவர் மறைந்தார்.

அவர் பணிகளுள் குறிப்பிடத்தக்கது வடகிழக்கு இந்தியாவின் மூங்கில், பிரம்புக் கைவினைகளைப் பற்றிய ஆய்வு. அவரும் உடன் பணியாற்றியோரும் வடகிழக்கு மாநிலங்களில் கூடைகளையும் பிற பொருள்களையும் கண்டு, வரைந்து, முடையும் முறையைப் பதிவு செய்தனர். 1986-இல் அது நூலாக வெளிவந்தது. சுமை தூக்கும் கூடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் அடி சதுரம், வாயோ வட்டம். சதுர அடி தரையில் நிலையாக அமரும். வட்ட வாயில் பொருளை எளிதில் இடலாம். நெற்றியில் மாட்டும் பட்டை சுமையை முதுகில் தாங்கச் செய்து, மலை ஏறுவோரின் கைகளுக்கு விடுதலை தருகிறது. பட்டம் பெற்ற வடிவமைப்பாளர், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் முன் அமர்ந்து கற்க வேண்டியிருந்தது. தமக்குத் தெரிந்ததைச் சொல்லுமுன், பிறருக்குத் தெரிந்ததைக் கேட்பதே இத்தொழிலின் தொடக்கம்.

தொடக்க ஆண்டுகள்

இளம் வடிவமைப்பாளருக்கு முதல் நாளிலேயே முழு வாகனத்தை வடிவமைக்கும் பொறுப்புக் கிடைப்பதில்லை. ஒரு மூடி, ஒரு கைப்பிடி, ஒரு பெட்டி ஆகியவையே முதலில் கிடைக்கும். ஒரு நீர்ப்புட்டியின் மூடியை எடுத்துக்கொள்வோம். முதலில், அதைத் திறப்போரைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஈரக் கையால் திறக்கும் சிறுவனும், மூட்டுவலி உள்ள பாட்டியும் ஒரே மூடியோடு எவ்வாறு போராடுகின்றனர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பல ஓவியங்கள். அதன்பின் அட்டையிலும் களிமண்ணிலும் மாதிரிகள். மாதிரியை அதே பாட்டியின் கையில் கொடுத்துப் பார்த்தால், தாளில் அழகாக இருந்தது கையில் வழுக்கும். மீண்டும் திருத்த வேண்டும்.

பின்னர்த் தொழிற்சாலையின் முறை வரும். நெகிழிப் பொருளை வார்க்கும் அச்சு விலையுயர்ந்தது. வெட்டிய பின் திருத்துவது கடினம். சுவர் மெலிந்தால் உடையும். தடித்தால் விலை ஏறும். அச்சை இயக்கும் தொழிலாளி இதனை அனுபவத்தால் அறிவார். அவரிடம் கேட்கத் தயங்கும் வடிவமைப்பாளரின் பிழை ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்று சேரும்.

வீட்டில் எழும் கேள்வி

‘படம் வரைந்தால் பிழைக்க முடியுமா?’ என்று பல பெற்றோர் கேட்பர். அது பழிக்கத்தக்க கேள்வி அன்று. மாதச் சம்பளத்தை நம்பி ஊர் பெயர்ந்து வந்தோருக்கு அந்த அச்சம் இயல்பு. விடையும் நேர்மையாக இருத்தல் வேண்டும். இப்படிப்புக்கு இடங்கள் குறைவு, செலவு மிகுதி, தொடக்க வருவாய் எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. அதே வேளையில், வாகனம், மருத்துவக் கருவி, வீட்டுக் கருவி, அறைகலன், பொம்மை எனப் பல துறைகள் வடிவமைப்பாளரை நாடுகின்றன. ஆந்திரப் பிரதேசத்திலேயே 2015-இல் ஒரு தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பை எப்பாடப்பிரிவில் முடித்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். அதில் வரைதல் மட்டுமன்றி, கூர்ந்து நோக்கும் திறனும் பொருள்களைக் கையாளும் திறனும் சோதிக்கப்படும்.

ஊர் பெயர்ந்து வாழும் மாணவரிடம் இத்தொழிலுக்கு வேண்டிய ஒரு பயிற்சி ஏற்கெனவே உண்டு. ‘எங்கள் ஊரில் அப்படி, இங்கு ஏன் இப்படி?’ என்று அவர் மனம் ஓயாது கேட்கிறது. ஒரே ஊரில் வாழ்வோருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதவை அவர் கண்ணில் படுகின்றன. நாயுடுபேட்டையைச் சுற்றி வெங்கடகிரியில் தறிகள் உள்ளன. காளத்தியில் கலம்காரி ஓவியம் தீட்டுவோரும், மாதவமாலையில் மரச்சிற்பிகளும் உள்ளனர். விடுமுறையில் அவர்களுள் ஒருவரிடம் சென்று, அவர்தம் கருவி ஏன் அவ்வடிவில் உள்ளது என்று கேட்டறிவதே நல்ல தொடக்கமாகும்.

சொல்லும் பொருளும்

மொள்ளுதல் – நீரை முகத்தல்
துலக்குதல் – தேய்த்துத் தூய்மை செய்தல்
அறைகலன் – நாற்காலி, மேசை போன்றவை
முடைதல் – கூடை முதலியவற்றைப் பின்னுதல்
நெகிழி – பிளாஸ்டிக்

மதிப்பீடு

அ) கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. ஈம்ஸ் இணையர் அறிக்கை அளித்த ஆண்டு ________.
2. தேசிய வடிவமைப்பு நிறுவனம் முதலில் தோன்றிய ஊர் ________.

ஆ) பிரித்து எழுதுக.
1. அவ்வறிக்கை 2. நெடுஞ்சாலை 3. சமநிலை

இ) குறுவினா
1. செம்பின் கழுத்து ஒடுங்கியிருப்பதால் விளையும் பயன்கள் இரண்டினை எழுதுக.
2. மூங்கில் கூடையின் அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் இருப்பது ஏன்?

ஈ) சிறுவினா
‘படம் வரைந்தால் பிழைக்க முடியுமா?’ என்று கேட்கும் பெற்றோருக்கு நீங்கள் கூறும் விடையை, சாதகங்களையும் இடர்களையும் மறைக்காமல் எழுதுக.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெவ்வேறு வயதினர் மூவர் அதனைப் பயன்படுத்துவதைக் கூர்ந்து நோக்கிப் படம் வரையுங்கள். அப்பொருளின் பெயரைத் தமிழிலும், தெலுங்கிலும், இந்தியிலும் கேட்டு எழுதுங்கள். மூவருள் ஒருவருக்கேனும் அப்பொருள் தொல்லை தருகிறதா? ஆம் எனில், எப்பகுதியை எவ்வாறு திருத்தலாம் என அட்டையில் மாதிரி செய்து வகுப்பில் காட்டுங்கள்.